இன்னும் எட்டு வைக்கலையா? நடக்கப் பழகும் குழந்தை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

முதல் பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுவதற்கு முன்பே யாராவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார்: "பையன் இன்னும் எட்டு வைக்கலையா? எங்க பேத்தி பத்து மாசத்துலயே ஓடுனா!" அன்று இரவே அம்மா செல்போனில் தேட ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் வீட்டுக்கு வாக்கர் வருகிறது, அப்புறம் கால்சியம் டானிக். இவற்றில் எதுவும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவையில்லை. வேறு சில வீடுகளிலோ, மருத்துவரிடம் கட்டாயம் காட்டியிருக்க வேண்டிய குழந்தையை "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று சொல்லி இரண்டு வயது வரை வைத்திருக்கிறார்கள். குழந்தை எப்படி அசைகிறது என்று கவனிக்காமல் மாதத்தை மட்டும் எண்ணுவதால்தான் இந்த இரண்டும் நடக்கின்றன.

சரி, மாதக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கும் வயது சராசரியாக 12 மாதம். ஆனால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் நடந்துவிடும் காலம் 8 மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரை நீள்கிறது. பிள்ளைத்தமிழில் குழந்தையைத் தளர்நடை போட்டு வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்துக்கு வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர்கள் குழந்தைகளை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது.

சராசரியைக் கெடுவாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சராசரி 12 மாதம் என்றால், கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. சீக்கிரம் நடந்தால் புத்திசாலி என்பதற்கும் ஆதாரம் இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 222 ஆரோக்கியமான குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. முதலில் நடந்தவர்களுக்கும் கடைசியில் நடந்தவர்களுக்கும் பிற்கால அறிவுத்திறனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைக்குக் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது 14 மாதம் என்றால், அதை 12 மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பதுதான் மருத்துவர்களின் வழக்கம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடும்போது இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

தவழவில்லை என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஐந்து நாட்டு ஆய்வில் 100-க்குச் சுமார் 4 குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக எழுந்து நின்றுவிட்டன. சில குழந்தைகள் உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகரும். இந்தக் குழந்தைகள் பொதுவாகத் தாமதமாகத்தான் நடக்கும், பல குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருகிறது. "அவங்க அப்பாவும் லேட்" என்பது இங்கே உண்மையாக இருக்கலாம். அதை ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது குழந்தையைப் பாருங்கள். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கும். நின்றுவிட்டதே தவிர, எப்படி உட்காருவது என்று தெரியாது. கால் நடுங்க நடுங்க அப்படியே நின்று அழும். சில நாளில் முட்டியை மடக்கிப் பொத்தென்று உட்காரக் கற்றுக்கொள்ளும். அப்புறம் சட்டத்தைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஓரடி, இன்னோரடி. ஒருநாள் பொம்மையை எடுக்க ஒரு கையை விடும். இன்னொரு நாள் தன்னை மறந்து இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்கும், நினைவு வந்ததும் விழும். பிடித்துக்கொண்டு நகர்வது, குனிந்து எடுப்பது என்று இப்படி ஏதாவது ஒன்று வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே இருந்தால், 14 மாதமானாலும் அந்தக் குழந்தை நடையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. நியூயார்க்கில் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். விழுவதும் படிப்பில் சேர்த்திதான்.

அந்தப் படிப்பைக் கெடுப்பது வாக்கர். எனக்கு இதில் கொஞ்சமும் தயக்கம் இல்லை: வாங்காதீர்கள், யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பயன்படுத்தாதீர்கள். வாக்கரில் குழந்தை நிற்பதில்லை; இருக்கையில் தொங்கிக்கொண்டு கால்விரல் நுனியால் தரையைத் தள்ளுகிறது. சுற்றியிருக்கும் தட்டு மறைப்பதால் தன் காலையே அதனால் பார்க்க முடியாது. உடம்பு சாயும்போது நிமிர்த்திக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் நடையைச் சீக்கிரம் வரவைக்காது, சில குழந்தைகளுக்குத் தள்ளிப்போடவும் செய்கிறது. ஆபத்து அதைவிடப் பெரிது. ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் ஓடிவிடும். சமையல்கட்டில் கொதிக்கும் பால், தரையில் இறக்கி வைத்த குழம்புச் சட்டி, குளியலறை வாளி, வாசல்படி என எதற்கும் நம் கை எட்டுவதற்குள் குழந்தை எட்டிவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000-க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கர் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி, பெரும்பாலும் படிக்கட்டில் உருண்டு. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. "நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்று பெற்றோர் சொல்லும் விபத்துகள் இவற்றில் ஏராளம்.

நம் ஊர் மர நடைவண்டி வேறு சங்கதி. அதில் இருக்கை கிடையாது. குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். ஆனால் தானாக எழுந்து நிற்கவும், பிடித்தபடி நகரவும் தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வண்டி முன்னால் ஓடி, குழந்தை முகம் குப்புற விழும். கொஞ்சம் கனமான வண்டியாக, சொரசொரப்பான தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழக்குங்கள்.

இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து நாள் முழுக்க நடத்துவதும் உதவாது. உடம்பின் சமநிலை குழந்தையிடம் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் முழங்கை எலும்பு பிசகிக்கொள்ளும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் இடுப்பைப் பிடியுங்கள். தூசி, அழுக்கு என்று பயந்து எந்நேரமும் இடுப்பிலும் தூளியிலும் வைத்திருக்கும் வீடுகளில் குழந்தைக்குப் பழகவே நேரம் கிடைப்பதில்லை. பாயை விரித்துக் கீழே விடுங்கள், பிடித்து எழுந்திருக்க ஆடாத ஒரு பெஞ்சோ நாற்காலியோ போதும். வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. பீப்பீ என்று சத்தம் போடும் ஷூ வெளியே போகும்போது போட்டால் போதும்.

எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவி விடுவது சுகமானது, அவ்வளவுதான். காலைப் பிடித்து இழுப்பதும் தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. பிறந்த குழந்தையின் இரு காலையும் நீட்டி இறுக்கிச் சுற்றி வைப்பது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். காலை அகட்டி இடுப்பில் தூக்கிக்கொள்வதால் கால் வளையும் என்பது தவறு, அது மூட்டுக்கு நல்லது. இரண்டு வயதுக்குள் கால் லேசாக வில்போல் இருப்பதும் பாதம் தட்டையாக இருப்பதும் இயல்புதான்.

கால்சியம் டானிக் நடக்க வைக்காது. வைட்டமின் டி குறைபாடு மட்டும் கவனிக்க வேண்டியது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு என்பதால் முதல் வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள். கடுமையாகக் குறைந்தால் எலும்பு வளையும், மணிக்கட்டு தடிக்கும், நடையும் தாமதமாகும். இரும்புச்சத்தும் முக்கியம்: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள், வைட்டமின் டி அளவு மீறினாலும் தீங்குதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காத்திருக்கக் கூடாத இடத்தில் காத்திருப்பது. 18 மாதத்தில் தனியாக நடக்கவில்லை என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில அறிகுறிகளுக்கு அதுவரைகூடப் பொறுக்கக் கூடாது. பத்து மாதத்திலும் தனியாக உட்காராதது; ஒரு வயதில் நிறுத்தினால் காலை ஊன்றாதது; உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது; ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, ஒரு காலை இழுத்துக்கொண்டு தவழ்வது; எப்போதும் நுனிக்காலில் நிற்பது; பேச்சொலியும் முகம் பார்த்துச் சிரிப்பதும் கூடவே குறைவாக இருப்பது. நேற்று வரை செய்ததை இன்று செய்யவில்லை என்றால் உடனே போங்கள். டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை விரியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது என்றால் இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். பெண் குழந்தைகளுக்கும், வயிற்றில் கால் கீழாக இருந்து பிறந்தவர்களுக்கும் இது அதிகம். முதல் சில மாதங்களிலேயே பிடித்துவிட்டால் அறுவை சிகிச்சை இல்லாமலே பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆண் குழந்தை தாமதமாக நடந்து, பிறகும் தரையிலிருந்து தொடையைக் கையால் பிடித்துப் பிடித்து எழுந்தால் தசைநோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும்.

"தெரபின்னு போனா ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கி இழக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காது. பணம் இல்லையே என்றும் தள்ளிப்போட வேண்டாம். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வருகிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

போகும்போது ஒரு வீடியோ எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் குழந்தை அம்மா தோளை விட்டு இறங்காது. வீட்டில், வெறுங்காலில், பேன்ட் இல்லாமல் அது எழுவதையும் நகர்வதையும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் இரண்டு நிமிடம் எடுத்தால் போதும். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, உடனே அழுததா, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.