ஊருக்குப் போகமுன் யார் யாருக்கு என்ன ஊசி?

“அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு, ஒண்டும் செய்யாது” என்று சொல்லி வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வெளிக்கிடுவோர் பலர். அது பாதிதான் சரி. சின்ன வயதில் ஹெப்படைற்றிஸ் ஏ செங்கண்மாரி வந்துபோயிருந்தால் அது திரும்ப வராது. நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) மறுபடியும் வரலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கோ, ஊசி போடாவிட்டால், இரண்டுக்கும் எதிர்ப்பு இல்லை. ஊர் நிலம் சுண்ணாம்புக்கல். மலக்குழியில் ஊறுவது பக்கத்துக் கிணற்றுக்குச் சுலபமாகப் போய்விடும்.

ரிக்கற் போட்ட கையோடு, எட்டுக் கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் போங்கள். சில ஊசிகளுக்கு நடுவே 28 நாள் விடவேண்டும்.

கைக்குழந்தைக்கு முக்கியம் சின்னமுத்து ஊசியான எம்.எம்.ஆர். இலங்கையில் அதை 9 மாதத்தில் போடுகிறார்கள். கனடாவில் 12 மாதம்வரை காத்திருப்பார்கள். பயணம் என்றால் 6 மாதத்திலிருந்தே போடலாம், நீங்கள்தான் கேட்கவேண்டும். ஆனால் ஒரு வயதுக்கு முன் போட்டது கணக்கில் சேராது. பிறகு வழமையான இரண்டும் போடவேண்டும். இதை மறந்துவிடுகிற பெற்றோர் அதிகம்.

நெருப்புக்காய்ச்சலுக்கான சாதாரண ‘வி.ஐ’ ஊசி இரண்டு வயதுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான், பால்மா கரைக்கவும். பெரியவர்கள் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பு போடவேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் அதன் பலன் போய்விடும். போனமுறை போட்டது இந்தமுறைக்கு உதவும் என்று இருக்கவேண்டாம். முன்பு இது குளிசையாகவும் இருந்தது, 2024 கடைசியில் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஹெப்படைற்றிஸ் ஏ ஊசி வழமையாக ஒரு வயதிலிருந்து. முதல் ஊசியைக் கடைசிக் கிழமையில் போட்டாலும் பயன் உண்டு. ஆறு மாதம் கழித்து இரண்டாவது.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஊசி அட்டை தொலைந்தவர்கள், போடவில்லை என்றே வைத்து எம்.எம்.ஆர். இரண்டும் போடலாம். கூடப் போட்டாலும் கேடில்லை, கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் தவிர. ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஃபுளூ, நிமோனியா ஊசிகள். வன்னி வயலோரம் ஒரு மாதத்துக்கு மேல் தங்குவோர் யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசியையும் விசாரியுங்கள்.

விசர்நாய்க்கடிதான் பலரும் கேட்காமல் விடுவது. சிறுபிள்ளை நாயோடு விளையாடும், பல் பட்டதை மறைக்கும். முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் கடித்தபின் பொதுவாக இரண்டு ஊசி போதும். இல்லையென்றால் நாலைந்து ஊசியோடு, ஆழமான காயத்துக்குக் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவை, அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இராது. கீறல் என்றாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தின் பெயரும் போட்ட திகதியும் எழுதி வாங்குங்கள்; மிச்ச ஊசிகளைத் திரும்பிவந்து போட அந்தத் துண்டு வேண்டும்.