சொந்தக் கிராம நிலத்தில் வீடு கட்டக் கடன் பெறும் முறை

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பரம்பரை நிலம் வைத்திருப்போர் வீட்டுக் கடனுக்குச் செல்லும்போது முதலில் தடுக்கி விழுவது பட்டாவில்தான். அது இன்னும் தாத்தா பெயரிலோ அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பெயரிலோ இருந்தால், பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து, தனிப்பட்டா பெற்ற பிறகே வங்கிக்குச் செல்வது நல்லது. தாய்ப்பத்திரம் (நிலத்தின் பழைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளர் கையொப்பமிட்ட செலவு மதிப்பீடு ஆகியவையும் தேவைப்படும். ஏற்காடு மலைக் கிராமங்களில் மலைப்பகுதிக் கட்டட விதிகளும் சேர்வதால், அங்கே அனுமதிக்குக் கூடுதல் காலம் ஒதுக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை இருக்கலாம். அது உச்சவரம்பே தவிர உரிமை அன்று. தொகையும் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்து, வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்த பின்பே அடுத்த தவணை வரும். எங்கள் வீட்டில் சென்ட்ரிங் (கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைகள்) அடித்துக் கம்பி கட்டிய பின் தவணை தாமதமாக, மழையில் கம்பி துருவேறியது. பலகை வாடகையும் ஏறிக்கொண்டே போனது. ஆகவே கூரைக் கான்கிரீட்டுக்கான சிமெண்ட், ஜல்லி, கூலிப் பணத்தைக் கையில் தனியே வைத்துக்கொண்டே சென்ட்ரிங் வேலையைத் தொடங்குங்கள்.