கட்டுநாயக்கவிலிருந்து எத்தனை மணித்தியாலம்? நீங்களே கணக்குப் போடலாம்

முதன்முதலாகச் சிங்கப்பூர் போகவிருந்த பெரியம்மா டிக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஆறரை மணித்தியாலமா? இந்த முழங்காலோடு அவ்வளவு நேரம் இருக்க ஏலாது தம்பி" என்றார். புறப்பாடு 00.50, வருகை 07.20. கழித்தால் ஆறரைதான் வருகிறது. ஆனால் பறப்பது நாலு மணித்தியாலம். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: தூரம்

கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, கட்டுநாயக்க விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் தூரம் அளக்கும் தெரிவு இருக்கும். அதை எடுத்து, சாங்கி விமான நிலையத்தில் கிளிக் பண்ணினால் சுமார் 2,740 கிலோமீற்றர் காட்டும்.

சென்னைக்கு மேப்கூட வேண்டாம். கட்டுநாயக்கவும் சென்னையும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், 80 பாகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சென்னை நமக்கு நேர் வடக்கு. அகலாங்கு இங்கே 7.2, அங்கே 13.0. வித்தியாசம் 5.8 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 644. சரியான தூரத்துக்கு மிக நெருக்கமான விடை. பள்ளிக்கூடப் புவியியல் எனக்கு உதவிய ஒரே இடம் இதுதான்.

படி 2: நேரம்

தூரத்தை 850 ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டுங்கள். 850 என்பது ஜெட் விமானம் மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஓடும் கிலோமீற்றர். அரை மணித்தியாலம் ஓடுபாதைக்கும் ஏறி இறங்குவதற்கும். சிங்கப்பூருக்கு மூன்றே முக்கால் வரும். சென்னைக்கு ஒன்றேகால். டிக்கட்டில் இதைவிடப் பத்துப் பதினைந்து நிமிஷம் கூடவே போட்டிருப்பார்கள், தாமதத்துக்கு இடம் விட்டு.

படி 3: கடிகாரம்

பெரியம்மா சறுக்கியது இங்கேதான். டிக்கட்டில் புறப்பாடு நம் நேரம், வருகை அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே 07.20 என்றால் இங்கே 04.50. அதிலிருந்து 00.50 ஐக் கழியுங்கள், நாலு. திரும்பி வரும்போது தலைகீழ்: இரவு 10 மணிக்கு ஏறி 11.30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஒன்றரை மணித்தியாலத்தில் யாரும் வந்துவிட முடியாது, இரண்டரையைக் கூட்டுங்கள்.

இந்தியாவுக்கு இந்தத் தலையிடி இல்லை. 2006 ஏப்ரல் வரை நம் கடிகாரம் அரை மணித்தியாலம் முந்தி ஓடியது, அதனால் சில பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

படி 4: வீட்டிலிருந்து

மூன்று மணித்தியாலம் முந்தி விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலம் போதும். வெள்ளவத்தையிலிருந்து அந்தப் பாதைவரை போவதுதான் பாடு. மாலை நேரமென்றால் ஒரு மணித்தியாலம் தனியாக ஒதுக்குங்கள். சென்னைப் பயணத்தில் பறக்கிற நேரம்தான் ஆகக் குறைவு.

அப்புறம், 00.50 என்றால் திகதியைக் கவனியுங்கள். 15ஆம் திகதி 00.50 என்பது 14ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டியைத் தூக்க வேண்டிய பயணம். என் நண்பன் ஒருவன் 15ஆம் திகதி இரவு முழுக் குடும்பத்தோடும் போய் இறங்கினான். அவனுடைய விமானம் அன்று அதிகாலையே போய்விட்டிருந்தது.