வரலாறும் தத்துவமும் ஒரே பட்டத்தில், நடுவில் பணிப் பயிற்சியும்: எங்கிருந்து தொடங்குவது?

வரலாறு, தத்துவம் இரண்டையும் ஒரே பட்டமாகப் படித்து, இடையில் ஒரு நிறுவனத்தில் பணிப் பயிற்சியும் முடிக்கும் படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. சேர நினைப்பவர்களுக்கு வரும் முதல் பயம், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்பது. மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். இரண்டு துறையிலும் அரைகுறையாகத் தேறி, பயிற்சியை ஏதோ ஒரு சான்றிதழுக்காக முடித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று இடத்துக்கும் போகிறவர்களுக்கு, இதைவிட நிறைவான படிப்பு இருக்க முடியாது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: சேருவதற்கு முன்பே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"எனக்கு வரலாறு பிடிக்கும், தத்துவமும் பிடிக்கும்" என்பது போதாது. ஒரு நோட்டை எடுத்து, உங்களை விடாமல் துரத்தும் ஒரு கேள்வியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் சொன்ன சாட்சியை எப்போது நம்பலாம்? முன்னோர் செய்த அநியாயத்துக்கு இன்று இருப்பவர்கள் பொறுப்பாவார்களா? சட்டப்படி செல்லுவதெல்லாம் நியாயமாகிவிடுமா?

கேள்வி சரியானதுதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பழைய ஆவணங்களைப் பார்க்காமல் வெறும் யோசனையாலேயே பதில் சொல்லிவிட முடிந்தால் அது தத்துவத்துக்கு மட்டும் போதும். ஆவணத்தைப் பார்த்தவுடனே பதில் கிடைத்துவிட்டால் அது வரலாற்றுக்கு மட்டும் போதும். இரண்டும் தேவைப்படுகிற கேள்விதான் உங்களுக்கு வேண்டியது.

ஆர். ஜி. காலிங்வுட் என்ற ஆங்கிலேயர் தத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே பிரிட்டனில் ரோமானியக் காலத்து இடங்களை அகழ்ந்தவர். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரியாமல் மண்ணைத் தோண்டுவதில் பயனில்லை என்பது அகழாய்வில் அவர் கற்ற பாடம். ஒரு கூற்று எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்று அறியாமல் அதன் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்ற அவருடைய தத்துவக் கருத்தும் இதோடு ஒட்டி வளர்ந்ததுதான். மண்வெட்டியும் தர்க்கமும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 2: சிலபஸை இப்படிப் பாருங்கள்

பாடங்களின் பெயர்ப் பட்டியலில் மயங்க வேண்டாம். மூன்று விஷயங்களைத் தேடினால் போதும். முதல் ஆண்டில் தர்க்கம் கட்டாயப் பாடமா? ஆவணங்களை நேரடியாகப் படிக்கப் பழக்கும் பாடம் உண்டா? இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா? மூன்றாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், இரண்டையும் இணைக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். தெரிந்தே சேர்ந்தால் தவறில்லை.

படி 3: ஒரே ஆவணத்தை இரண்டு கண்ணால் படியுங்கள்

இந்தப் படிதான் படிப்பின் உயிர். ஒரு உதாரணத்தை எடுத்து நிதானமாகப் பார்ப்போம்.

4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ரோம் நகரையும் பேரரசின் மேற்குப் பகுதியையும் போப்பாண்டவர் சில்வெஸ்டருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு ஆவணம் இருந்தது. திருச்சபையின் அரசியல் உரிமைக்கு ஆதாரமாகப் பல நூற்றாண்டுகள் அதைக் காட்டினார்கள். 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அது போலி என்று நிறுவினார்.

முதலில் வரலாற்றுக் கண். ஆவணத்தில் 'சத்ரப்' என்ற சொல் வருகிறது. அது பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கும் சொல். ரோமானிய அரசாணையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார் வல்லா. கான்ஸ்டான்டினோப்பிள் நகரம் இன்னும் உருவாகாத நேரத்தில், அதை ஒரு பெரிய திருச்சபைத் தலைமையிடமாக ஆவணம் பேசுவதையும் சுட்டிக்காட்டினார். அந்த ஆவணம் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்று இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அடுத்து தத்துவக் கண். வல்லா மொழியோடு நிற்கவில்லை. ஆவணம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், பேரரசை அப்படித் தூக்கிக் கொடுக்க ஒரு பேரரசருக்கு உரிமை உண்டா, அதை வாங்கிக்கொள்ளத்தான் போப்பாண்டவருக்கு உரிமை உண்டா என்றும் வாதாடினார். இது வேறு வகைக் கேள்வி. எந்தப் பழைய ஏட்டைப் புரட்டினாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

மறுபடி வரலாற்றுக்கே திரும்புங்கள். இதை எழுதியபோது வல்லா யாரிடம் வேலை பார்த்தார்? போப்பாண்டவரோடு மோதிக்கொண்டிருந்த அரசர் அல்போன்சோவிடம். அப்படியானால் அவர் வாதத்தின் மதிப்பு குறைந்துவிடுமா? இங்கேதான் புதிதாக வருபவர்கள் சறுக்குவார்கள். ஒருவர் ஏன் சொன்னார் என்பது வரலாறு. அவர் சொன்னது சரியா என்பது வேறு. அல்போன்சோவின் சம்பளம் வாங்கியதால் 'சத்ரப்' என்ற சொல் ஆவணத்திலிருந்து மறைந்துவிடாது.

ஒவ்வொரு வாரமும் ஒரு ஆவணத்தையாவது இப்படிப் படித்துப் பழகுங்கள். நோட்டுப் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "யார், எப்போது, யாருக்காக, எதை விட்டுவிட்டார்" என்று எழுதுங்கள். வலப்பக்கம் "முடிவு என்ன, எதிலிருந்து அந்த முடிவுக்கு வருகிறார், எதைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறார்" என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இடிக்கும் இடத்தில் வட்டம் போடுங்கள். உங்கள் கட்டுரைகள் அந்த வட்டங்களிலிருந்துதான் பிறக்கும்.

படி 4: இரண்டு விதமாக எழுதப் பழகுங்கள்

வரலாற்றுக் கட்டுரையில் பாரத்தைச் சான்று சுமக்கும். தத்துவக் கட்டுரையில் வாதம் சுமக்கும். முதல் செமஸ்டரில் தத்துவக் கட்டுரைக்கு நான் நிறைய நூல்களைப் படித்து, ஒவ்வொரு அறிஞரும் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். "இதில் நீ என்ன சொல்கிறாய்?" என்ற ஒரே வரியோடு அது திரும்பி வந்தது. அந்த வரியை இன்றும் மறக்கவில்லை. தத்துவத்தில் குறைவாகப் படித்து, ஒரு வாதத்தை அடிவரை தோண்டுங்கள். உங்களுக்கு எதிரான வாதத்தை அதன் மிக வலுவான வடிவத்தில் நீங்களே எழுதிப் பதில் சொல்லுங்கள். வரலாற்றில் பரவலாகப் படித்து, சொல்வதற்கெல்லாம் அடிக்குறிப்பு கொடுங்கள். கெடு தேதிகள் இரண்டு துறையிலும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் என்பதால் செமஸ்டர் தொடங்கிய அன்றே அவற்றை ஒரே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படி 5: பயிற்சி இடத்தை ஒரு வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள்

பணிப் பயிற்சி இரண்டு வகையில் வரும். ஒன்று, சில வாரங்கள் நடந்து கிரெடிட் தரும் ஒரு பாடம். இன்னொன்று, படிப்பின் நடுவில் ஒரு முழு ஆண்டு. பிரிட்டனில் 3 ஆண்டுப் பட்டம் இப்படி 4 ஆண்டாக நீளும். கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு வேலையில் போகும்.

எங்கே போகலாம்? ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், நூலகம், பதிப்பகம், செய்தி நிறுவனம், சட்ட அலுவலகம், மக்கள் பிரதிநிதிகளின் ஆய்வுப் பிரிவு, மனித உரிமை அமைப்புகள். பேர் பெற்ற இடம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அங்கே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சியை எப்போது நம்புவது என்பது உங்கள் கேள்வியானால், தகவல் சரிபார்க்கும் செய்திப் பிரிவு பெரிய அருங்காட்சியகத்தைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: சம்பளம் உண்டா, யார் உங்களை மேற்பார்ப்பார், மதிப்பீடு அறிக்கையா நாட்குறிப்பா, அந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டு மாணவரானால் விசா அதை அனுமதிக்கிறதா. இடம் கிடைக்காவிட்டால் சாதாரணப் பட்டத்துக்கு மாறிக்கொள்ள முடியுமா என்பதையும் கேளுங்கள். இதைப் பலர் கேட்பதில்லை.

விண்ணப்பத்தில் "எனக்குப் பகுப்பாய்வுத் திறன் உண்டு" என்று எழுதினால் யாரும் இரண்டாவது முறை படிக்க மாட்டார்கள். "ஒன்றுக்கொன்று முரண்படும் நான்கு சாட்சிகளை வைத்து, எது எதற்கு நம்பத்தக்கது என்று ஒரு அறிக்கை எழுதினேன்" என்று எழுதுங்கள்.

படி 6: வேலை செய்யும் இடத்தில்

நான் பயிற்சி பெற்றது ஒரு ஆவணக்காப்பகத்தில். முதல் நாளே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். காகிதத்தைத் தொடக் கையைக் கழுவித் துடைத்தால் போதும், கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும், கையுறை புகைப்படங்களுக்குத்தான் என்றார்கள். துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாமல் கழற்றுவதிலேயே ஒரு வாரம் போனது.

இரண்டாவது வாரம் ஒரு கட்டுக் கடிதங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் ஓடிவந்து தடுத்தார். கடிதங்களை வைத்திருந்தவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதுவே ஒரு சான்று. எதை எதோடு சேர்த்து வைத்தார் என்பதில் அவர் மனம் இருக்கிறது. கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. சான்று என்றால் காகிதத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதைவிடக் கடினம், விவரக்குறிப்பு எழுதுவது. ஒரு கோப்புக்கு ஒரு வரி. அதிகாரி தன் கடிதத்தில் 'கலகம்' என்கிறார். நான் அதே சொல்லைப் போடுவதா? 'கிளர்ச்சி' என்பதா, 'எழுச்சி' என்பதா? எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்கிறது. வரலாறு அந்தச் சொல்லை யார் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும். பெயரிடுவதே ஒரு தீர்ப்பாகும்போது என்ன செய்வது என்பதைத் தத்துவத்தோடுதான் யோசிக்க வேண்டும். கடைசியில் அதிகாரியின் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து, என்ன நடந்தது என்பதைச் சாதாரணச் சொற்களில் பக்கத்தில் எழுதினோம். அந்த ஒரு வரிக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆனது.

தினமும் மாலையில் நாட்குறிப்பில் பத்து வரி எழுதுங்கள்: இன்று என்ன முடிவெடுத்தேன், எதை வைத்து எடுத்தேன். அறிக்கை எழுதும்போது நினைவை நம்பாதீர்கள்.

வேலையும் சிந்தனையும் இப்படிச் சேருவது புதிதல்ல. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1752இல் எடின்பரோவில் வழக்கறிஞர் சங்க நூலகத்தின் காப்பாளரானார். அங்கிருந்த நூல்களின் துணையோடுதான் 1754 முதல் 1762 வரை இங்கிலாந்தின் வரலாற்றை 6 தொகுதிகளாக வெளியிட்டார். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் ஹனோவரில் நூலகராக இருந்து, அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதும் பணியை ஏற்று, ஆவணங்களைத் தேடி இத்தாலி வரை போனார்.

படி 7: திரும்பி வந்ததும் ஆய்வேடு

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பை வெளியே தேடாதீர்கள். முதல் பக்கத்தில் எழுதிய கேள்வியையும் பயிற்சி நாட்குறிப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கேள்வி மாறியிருக்கும், மாறிய வடிவத்தையே தலைப்பாக்குங்கள். என் கேள்வி "ஆவணத்தை எப்போது நம்பலாம்" என்று தொடங்கி, "ஆவணத்துக்குப் பெயர் வைப்பவரை எப்போது நம்பலாம்" என்று முடிந்தது. இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விதி இடம் தராவிட்டால், ஒருவரை அதிகாரப்பூர்வமாகவும் இன்னொருவரை மாதம் ஒருமுறையும் சந்தியுங்கள்.

ஒன்றை மட்டும் பயிற்சி இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். உங்களுக்குப் பயன்படும் ஒவ்வொரு ஆவணத்தின் கோப்பு எண்ணையும் பெட்டி எண்ணையும் குறித்து, மேற்கோள் காட்ட எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால், அந்தப் பெட்டியைத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.