தங்க நானோ துகள்: குடுவை கழுவுவதிலிருந்து உயிரியல் ஆய்வகம் வரை

வேதியியல் மேசையில் பிறந்து, இயற்பியல் கருவியில் அளக்கப்பட்டு, உயிரியலாளர் கைக்குப் போகும் பொருள் இது. கீழே உள்ள அளவுகள் ஏறத்தாழ 13 நானோமீட்டர் துகள்களுக்கானவை.

பெரும்பாலும் காரியம் கெடுவது குடுவையில்தான். பழைய தங்கப் படிவு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புதுத் தங்கம் அதன்மேல் வளர்ந்து, துகள் அளவு தாறுமாறாகும். ராஜ திராவகத்தால் கழுவுங்கள்: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் 1 பங்கு. ஃபியூம் ஹூட்டுக்குள் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு), அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வாயு வந்துகொண்டே இருக்கும். இறுக மூடினால் பாட்டில் வெடிக்கும். அசிட்டோன், ஆல்கஹால் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள்.

தங்க உப்பான குளோரோ ஆரிக் அமில டிரைஹைட்ரேட் ஈரத்தை இழுத்து நசநசக்கும். ஒவ்வொரு தடவையும் எடைபோட்டால் கணக்கு தப்பும். 1 கிராம் குப்பியை முழுதாகக் கரைத்து 25.4 மில்லி ஆக்கினால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) இருப்புக் கரைசல் கிடைக்கும். எஃகுக் கரண்டி வேண்டாம், தங்கம் அதன்மேலேயே படிந்துவிடும்.

99 மில்லி நீரில் 1 மில்லி இருப்புக் கரைசலை விட்டு, டெஃப்லான் உறையிட்ட காந்தத் துண்டு சுழல, ஆவியைத் திரும்ப நீராக்கும் குளிர்விப்பான் பொருத்திக் கொதிக்கவிடுங்கள். தங்க உப்பைத் தங்கமாக்கும் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 114 மில்லிகிராமை 10 மில்லி நீரில் கரைத்து, தளதளவெனக் கொதிக்கும்போது ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் வெவ்வேறு நேரத்தில் பிறந்து வெவ்வேறு அளவில் நின்றுவிடும். வெளிர்மஞ்சள் மறையும், கருஞ்சாம்பல் படரும், ஊதா எட்டிப்பார்க்கும், பிறகு மாணிக்கச் சிவப்பு. எத்தனை முறை செய்தாலும் கண்ணெடுக்க முடியாத காட்சி. இந்தச் சிவப்புக்கு நுண்ணிய தங்கமே காரணம் என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1857இலேயே கண்டுகொண்டார். 10 நிமிடம் கொதித்ததும் சூட்டை நிறுத்தி, மேலும் 15 நிமிடம் கலக்குங்கள்.

ஒளி உறிஞ்சல் முகடு, அதாவது துகள்கள் மிக அதிகமாக உறிஞ்சும் ஒளியின் அலைநீளம், 520 நானோமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். வரைபடம் 600க்கு மேல் தோள்போல் எழும்பினால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள்.

உயிரியலாளரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) உப்பு உண்டு. துகள்களைச் சுற்றியுள்ள சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டத்தை உப்பு மறைத்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டும். துகள் கரைசல் 1 மில்லியில் 100 மைக்ரோலிட்டர் 1 மோலார் சோடியம் குளோரைடு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே நீலமாகும். தயால் முனை (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தக முனை) கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்காலைப் பூச்சாகச் சேர்த்து இரவு முழுதும் வைத்து, மிச்சத்தை மையவிலக்கியில் நீக்கி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சிவப்பு மாறாமல் நின்றால் கொடுக்கலாம்.

4 டிகிரி செல்சியஸில், இருட்டில் வையுங்கள். உறையவிட்டால் பனிப்படிகங்கள் துகள்களை நெருக்கித் தள்ளிவிடும். பூச்சில்லாத துகள்கள் அதன்பின் பிரியாது.