சனிக்கிழமை சம்பளத்தில் கடனைச் சமாளிப்பது எப்படி?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், திருப்பூரில் பலருக்கு முதலில் போனது ஒன்றரை ஷிப்ட். வேலை இருந்தது, ஆனால் ஒரு ஷிப்ட்தான். ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை நம்பி வாங்கிய பைக் தவணையும் குழுக் கடனும் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்படி மாட்டிக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: எல்லாக் கடனும் ஒரே பக்கத்தில்

வீட்டில் சம்பாதிக்கிற எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். என் அக்கா வீட்டில் நாலு கடன் என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம், முடிக்கும்போது ஏழு இருந்தது. மாமாவுக்குத் தெரியாமல் அக்கா வாங்கியது ஒன்று, அக்காவுக்குத் தெரியாமல் மாமா வாங்கியது இரண்டு. அன்றைக்குச் சண்டை வந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பக்கத்தை எழுதாமல் அடுத்த படிக்கே போயிருக்க முடியாது. மளிகைக் கடைப் பாக்கி, கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டின் மீதித் தவணை எல்லாம் கடன்தான். ஒவ்வொன்றுக்கும் நேராக மீதி அசல், தவணைத் தொகை, கட்ட வேண்டிய தேதி, என்ன அடமானம் என்று எழுதுங்கள்.

படி 2: வட்டியை வருஷக் கணக்குக்கு மாற்றுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒருவர் ‘ரெண்டு வட்டி’ என்பார், இன்னொருவர் ‘தினம் நூறு ரூபாய்தானே’ என்பார், வங்கியில் சதவீதம் சொல்வார்கள். எல்லாவற்றையும் வருஷ சதவீதமாக மாற்றினால்தான் எது நம்மைத் தின்கிறது என்று தெரியும்.

நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், இது சுலபம். தண்டலைப் பாருங்கள்: 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். வட்டி 1,000 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான், அதுவும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் எண்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கிரெடிட் கார்டில் 50,000 பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள். வட்டி 1,750, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. நீங்கள் 2,500 கட்டினாலும் அசலில் குறைவது 435 ரூபாய்தான். மினிமம் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

படி 3: முதலில் வயிறு, அப்புறம் கடன்

வாடகை, அரிசி பருப்பு, கரண்ட், மருந்து, பிள்ளைகளின் பஸ் செலவு. இவற்றை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் கடனுக்கு.

படி 4: வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணையை மட்டும் கட்டிவிட்டு, மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமான கடன்மேல் போடுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு: வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துத் தண்டலையோ கார்டு பாக்கியையோ மொத்தமாக அடைக்கலாம், ஏனென்றால் வங்கி நகைக்கடன் வட்டி அவற்றைவிட மிகக் குறைவு. ஆனால் அடைத்த அன்றே அந்தக் கார்டை வெட்டிப் போடும் உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் நகையும் போய்க் கடனும் திரும்பி வந்துவிடும். போனில் ஐந்து நிமிடத்தில் பணம் தருகிற ஆப், உங்கள் காண்டாக்ட் லிஸ்டைக் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். கடன் ஆப்கள் அதைத் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 5: தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள்

செக் பவுன்ஸ் ஆன பிறகு போனால் நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும். முன்பே கடன் கொடுத்தவர்களிடம் போய், ‘ஷிப்ட் குறைந்துவிட்டது, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பாதிக்குப் பாதி கட்டி செட்டில் செய்துகொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னால் யோசியுங்கள்: நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், பின்னால் கடன் கேட்கும்போது அது இடிக்கும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக்கூடாது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான எண் 14448. தனியாள் வட்டிக்காரர் மிரட்டினால் போலீசுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, மீட்டர் வட்டியும் தண்டலும் அதில் அடக்கம்.

படி 6: சனிக்கிழமை கவர்

சம்பளம் வாரத்துக்கு, தவணை மாதத்துக்கு. கடைசி வாரச் சம்பளத்தில் மொத்தத் தவணையையும் கட்டப் பார்ப்பதால்தான் மூச்சு முட்டுகிறது. மாதத் தவணைகளை எல்லாம் கூட்டி நாலால் வகுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வந்த கையோடு அந்தத் தொகையைக் கவரில் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் உங்கள் கணக்கில் போட்டுவிடுங்கள். வருஷத்துக்கு 52 வாரம் என்பதால் நாலு மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை வரும். அந்தக் கவர் எந்தத் தவணைக்கும் போகாது. முதல் இரண்டை ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி அவசரத்துக்கு வையுங்கள், அடுத்த இரண்டும் நோட்டில் எழுதியதில் வட்டி அதிகமான கடனுக்கு. காலண்டரை எடுத்து அந்த நாலு சனிக்கிழமைகளையும் இன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள்.