பாட்டி பெயர் சங்கிலியா? அதன் பூர்வீகத்தைத் தேடுவது இப்படித்தான்

கொள்ளுப்பாட்டிக்குச் சங்கிலி என்று பெயர், அர்த்தம் கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றால், முதலில் அந்தக் குழந்தைப் பெயர் இணையதளங்களை மூடுங்கள். அங்கே எதைத் தட்டினாலும் அழகானவள், அறிவானவள்தான்.

அகராதி பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தொடர், கழுத்து நகை என்று சொல்லின் பொருளைத்தான் அது சொல்லும். பெண் குழந்தைக்கு ஏன் வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், முன்னால் அந்தப் பெயரோடு யார் இருந்தார்கள், எந்த ஊரில் என்று தேட வேண்டும்.

அதனால் பாட்டியின் பிறந்த ஊரைக் கேளுங்கள், புகுந்த வீட்டை அல்ல. மதுரை, தேனிப் பக்கமிருந்து சென்னை வியாசர்பாடிக்குக் குடிவந்த குடும்பம் என்றால் சங்கிலிக் கருப்பன் குலதெய்வமா என்று விசாரியுங்கள், அந்த வழியில் ஆணுக்கும் இந்தப் பெயர் உண்டு. யாழ்ப்பாணம் என்றால் அங்கே ஆண்ட சங்கிலி மன்னர் நினைவுக்கு வருவார். வடசென்னையின் திருவொற்றியூர்ச் சுற்றுவட்டாரம் என்றால் தியாகராஜர் கோயிலுக்கே போய்விடலாம்.

அங்கே கதை பெரிது. செங்குன்றத்தைத் தாண்டி ஞாயிறு என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்த ஊர்ப் பெண் சங்கிலியார். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றியூருக்கு வந்து கோயிலில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவர். ஏற்கெனவே திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த, தேவாரம் பாடிய சுந்தரர் இவரைப் பார்க்கிறார், உன்னைவிட்டுப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து மணக்கிறார், அப்புறம் வசந்தகாலம் வந்ததும் ஆரூர் நினைப்பில் கிளம்பி, எல்லை தாண்டியதும் கண் போய்விடுகிறது. (சத்தியத்தைச் சன்னதியில் வைக்காமல் மரத்தடிக்கு மாற்றியது சங்கிலியாருக்கு வந்த கனவு. விவரமான பெண்.) மாசித் திருவிழாவில் இன்றும் அந்தச் சத்தியத்தை நினைவூட்டும் மகிழடி சேவை நடக்கிறது.

இது பிற்காலக் கதையோ என்று சந்தேகம் வந்தால் சுந்தரர் தேவாரத்தையே புரட்டுங்கள். திருமுல்லைவாயில் பதிகத்தில் சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று அவரே புலம்புகிறார். முழுக்கதைக்குப் பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காமர் என்ற இன்னொரு நாயன்மாரின் பகுதி. சுந்தரர் பகுதியில் மட்டும் தேடினால் கிடைக்காது, பலர் ஏமாறுவது இங்கேதான்.

பேத்திக்குப் பாட்டி பெயரே வேண்டும், ஆனால் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள் என்று யோசிப்பவர்களுக்கு அதே புராணத்தில் ஒரு வழி இருக்கிறது. கயிலாயத்தில் உமையின் தோழியாக இருந்தபோது சங்கிலியாருக்கு அநிந்திதை என்று பெயர், நிந்திக்க இடமில்லாதவள். வங்காளத்தில் அனிந்திதா என்று சகஜமாக வைக்கிறார்கள், இங்கே அபூர்வம். எதை வைத்தாலும் ஆங்கில எழுத்துகளைப் பிறப்புச் சான்றிதழில் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் மாற்ற அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும்.